கோர்ஸில் கற்றது தீம்பாரில் கைக்கு வர

கேள்வி: சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் நான்கு மாதமாக மண்டோராக (கேங்கை மேற்பார்க்கும் தலைவனாக) இருக்கிறேன். வயது 29. அதற்கு முன் ஏழு வருஷம் குலை வெட்டினேன். என் கேங்கில் 14 பேர். வெட்டுபவர்கள் எட்டு, உதிரிப் பழம் பொறுக்கி வண்டி தள்ளுபவர்கள் ஆறு. நம்மவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவர் என் சொந்தப் பெரியப்பா. மற்றவர்கள் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். கம்பெனி என்னை இரண்டு நாள் தலைமைத்துவக் கோர்ஸுக்கு அனுப்பியது. ‘முதலில் கேள், பிறகு பேசு’, ‘தனியே திருத்து, எல்லார் முன்னும் பாராட்டு’, ‘வேலையைப் பிரித்துக் கொடு’ என்று எல்லாமே நோட்டில் இருக்கிறது. கேட்டால் ஒப்பிப்பேன். தீம்பாரில் (தோட்டத்து வேலைக்களத்தில்) இறங்கினால் ஒன்றும் வருவதில்லை. பச்சைக் குலையைப் பார்த்ததும் ஏசிவிடுகிறேன், இல்லாவிட்டால் குலை வெட்டும் கம்பைப் பிடுங்கி நானே வெட்டுகிறேன். பச்சைக் குலை பற்றி மில்லிலிருந்து புகார் வந்தபடி இருக்கிறது. பெரியப்பாவிடம் வாயே திறக்க முடியவில்லை. இன்னொரு கோர்ஸ் கேட்டுப் போகட்டுமா?

பதில்:

தம்பி, இன்னொரு கோர்ஸ் இப்போதைக்கு வேண்டாம். ஒப்பிக்கும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலும் நாலு விஷயம் தெரிந்துகொண்டால் நோட்டுதான் தடிக்கும்.

கோர்ஸ் நடந்த ஹாலில் லோரி காத்துக்கொண்டு நிற்கவில்லை. யாருடைய கூலியும் அன்றைக்கு உங்கள் பேச்சைப் பொறுத்து ஏறி இறங்கவில்லை. தீம்பாரில் காலை பத்து மணிக்கு வெயில், வியர்வை, மேலதிகாரியான கண்டக்டரின் போன், குலை சேர்க்கும் மேடையில் நாலு பச்சைக் குலை என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. அந்த நேரத்தில் மனிதன் யோசித்து நடப்பதில்லை, பழகியபடி நடப்பான். உங்களுக்குப் பழகியது ஏழு வருஷக் கம்பு. அதனால்தான் கை கம்புக்குப் போகிறது. இதில் குணக்கேடு எதுவும் இல்லை. புதுப் பழக்கம் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

‘தனியே திருத்து’ என்பதையே எடுத்துக்கொள்வோம். எப்போது, எங்கே நின்று, எந்த வார்த்தையில் என்று அதில் எதுவும் இல்லை. அது இல்லாத அறிவுரை அவசரத்தில் நினைவுக்கே வராது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். ‘செய்வேன்’ என்று பொதுவாக முடிவெடுத்தவர்களைவிட, ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே வரையறுத்து வைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை 1999-இல் வெளியான அவருடைய கட்டுரை எடுத்துக்காட்டியது. உங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

ஆகவே நோட்டில் இருக்கும் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு ஒன்றே ஒன்றை எடுங்கள். பச்சைக் குலையிலிருந்து தொடங்கலாம், மில்லிலிருந்து புகார் வருவது அதற்குத்தானே. மளிகைக் கடையில் விற்கும் 555 சின்ன நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: “பச்சைக் குலையைக் கண்டால், வாயைத் திறப்பதற்கு முன் குலையைப் புரட்டி, பழம் உதிர்ந்த குழியை எண்ணுவேன். பிறகு வெட்டியவரை மரத்தடிக்கு அழைத்துப்போய், ‘இங்கே எத்தனை உதிரி கிடந்தது?’ என்று கேட்பேன்.”

எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணி முடிப்பதற்குள் முதல் கோபம் தணிந்துவிடும், கையும் கம்புக்குப் போகாமல் குலையில் இருக்கும். அதோடு எண்ணிக்கை இருந்தால் சண்டை இல்லை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரப்படி, பழம் உதிர்ந்த புதுக் குழி பத்தாவது தெரிந்தால் அது பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் அரைப்பழுப்பு. ஒன்றுமே இல்லையென்றால் பச்சை. காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் நெடுங்காம்பு. மரத்தடியில் எத்தனை உதிரி கிடந்தால் வெட்டலாம் என்பதை ஒவ்வொரு தோட்டமும் தனியாக வைத்திருக்கும். உங்கள் தோட்டத்து எண் எது என்று எட்டுப் பேரிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் வராவிட்டால், கோளாறு அவர்கள் கையில் இல்லை, சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு இந்த ஒன்று மட்டும் போதும். முதல் மூன்று நாளில் பாதி தடவை மறந்துவிடும். ஏசிய பிறகுதான் நினைவு வரும். அப்போது நோட்டில் ஒரு கோடு போடுங்கள், நினைவு வந்து செய்தபோது ஒரு வட்டம் போடுங்கள். சாயங்காலம் இரண்டையும் எண்ணுங்கள். கோட்டைப் பார்த்து வருத்தப்படுவதற்காக இல்லை. எந்த நேரத்தில் கோடு அதிகம் விழுகிறது என்று பார்ப்பதற்காக. பெரும்பாலும் லோரி வரும் நேரத்தை ஒட்டியே விழும். அப்படியானால் மேடைக்குப் போகும் நேரத்தை லோரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். பொறுமையை வளர்க்கப் பாடுபடுவதைவிட நேரத்தை நகர்த்துவது சுலபம்.

இனி அதைவிட முக்கியமான விஷயம். பச்சைக் குலை ஏன் வெட்டப்படுகிறது? ஏசும் மண்டோர் ‘சோம்பல், அலட்சியம்’ என்று ஒரே காரணத்தை வைத்திருப்பார். களத்தில் குறைந்தது நாலு காரணம் உண்டு, நாலுக்கும் மருந்து வேறு.

புதிதாக வந்தவருக்குப் பழுத்தது எது என்றே தெரியாமல் இருக்கலாம். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மரம் உயரமாக இருந்து கீழிருந்து குலை சரியாகத் தெரியாமல் இருக்கலாம், அல்லது மரத்தடி வட்டத்தில் புல் மண்டி உதிரி கண்ணில் படாமல் இருக்கலாம். அங்கே வெட்டுபவரைத் திட்டி என்ன பயன்? வட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் போட வேண்டும். டன் கணக்கில் கூலி என்பதால், மாசக் கடைசியில் எடை குறையும்போது காயையும் சேர்த்து வெட்டுபவர் இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் இல்லை, கணக்குப் போட்டுத்தான் செய்கிறார். அவரிடம் கணக்கைக் கொண்டே பேச வேண்டும். பழத்தில் எண்ணெய் சேர்வது கடைசிச் சில வாரங்களில்தான். இன்று காயாக வெட்டிய குலை அடுத்த ரவுண்டில் (அதே மரத்துக்குத் திரும்பி வரும் சுற்றில்) பழுத்து முழு மதிப்போடு அவர் கணக்கிலேயே ஏறியிருக்கும், பிடித்தமும் விழுந்திருக்காது. நாலாவது காரணம் ரவுண்ட். 10 முதல் 14 நாளில் திரும்பி வர வேண்டிய நிரைக்கு (மர வரிசைக்கு) 18 நாள், 20 நாள் என்று ஆனால், ‘இப்போது விட்டால் அடுத்த தடவை அழுகிவிடும்’ என்று நல்ல வெட்டுக்காரர்கூட அரைப்பழுப்பில் கை வைப்பார். அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேங்கில் இருக்கும் யாராலும் சரிசெய்ய முடியாது, மேலே போய்ப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்க, தினமும் இரண்டு பேருக்குப் பின்னால் இருபது மரம் நடந்து பாருங்கள். எட்டுப் பேரையும் நாலு நாளில் பார்த்து முடித்துவிடலாம். மரத்தில் விட்டுப்போன பழுத்த குலை, பொறுக்காமல் கிடக்கும் உதிரி, நெடுங்காம்பு இந்த மூன்றையும் நிரையில் எண்ணுங்கள். பச்சைக் குலையை மேடையில் எண்ணுங்கள். காம்பின் வெட்டு முகத்தில் வெட்டியவரின் எண் இருக்கும், அதனால் யாருடையது என்று ஊகிக்கத் தேவையில்லை. விட்டுப்போன குலையையும் சேர்த்து எண்ணுவது மிக மிக அவசியம். பச்சைக் குலையை மட்டும் எண்ணினால் ஆட்கள் பயந்து பழுத்ததையும் விட்டுவிட்டுப் போவார்கள். மில்லில் புகார் குறையும், தோட்டத்தில் உதிரி அழுகும், கொழுப்பு அமிலம் ஏறிய பழம் அடுத்த ரவுண்டில் போய்ச் சேரும். ஒரு எண்ணை இறக்கி இன்னொன்றை ஏற்றிவிடும் இந்தத் தவறு மண்டோர் மட்டத்தில் அடிக்கடி நடக்கிறது.

எண்ணும்போது நோட்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும். ஒளித்து எழுதினால் கிராணியிடம் (தோட்டக் குமாஸ்தாவிடம்) போட்டுக்கொடுக்கிறான் என்று பேச்சு வரும். எழுதி முடித்ததும் அவரிடமே காட்டுங்கள்: “இருபது மரம், விட்ட குலை ஒன்று, உதிரி சுத்தம், காம்பு இரண்டு நீளம்.” அவ்வளவுதான். நல்லதாக இருந்தால் அதையும் இதே மாதிரி எண்ணோடு சொல்லுங்கள். “நல்லா செய்றீங்க” என்று பொதுவாகச் சொல்வது காதில் நிற்காது. “இருபது மரத்துல ஒரு உதிரி கூட கிடக்கல” என்றால் மனிதர் அதை ராத்திரி வரை வைத்திருப்பார்.

இனி சொல்லிக்கொடுப்பது. கம்பைப் பிடுங்கி வெட்டிக் காட்டுவதைச் சொல்லிக்கொடுப்பதாக நீங்கள் நினைக்கலாம். பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் உங்களுக்கு நன்றாக வெட்ட வரும் என்பதுதான், அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுபவமில்லாத ஆட்கள் கூட்டமாக வந்தபோது, மேற்பார்வையாளர்களுக்காக நாலு படிகொண்ட ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆளைத் தயார்செய்வது, காட்டுவது, அவரையே செய்யவைப்பது, விட்டுவிட்டுப் பிறகு வந்து பார்ப்பது. இன்றைக்கும் கைவேலை கற்றுக்கொடுக்க இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

உங்கள் தீம்பாரில் அது இப்படி இருக்கும். முதலில் புதியவரை நிழலில் நிறுத்தி, இதுவரை எந்த மாதிரி மரத்தில் வெட்டினார் என்று கேளுங்கள். உளி வைத்துக் குட்டை மரத்தில் வெட்டியவர் நீளக் கம்புக்கு வரும்போது அவருடைய பழைய பழக்கம் ஆபத்து. பிறகு நீங்கள் ஒரு மரத்தில் மெதுவாகச் செய்துகாட்டுங்கள். வட்டத்தில் உதிரியை எண்ணுவது, தலைக்கு மேலே பார்ப்பது, குலை விழும் திசையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நிற்பது, தாங்கும் மட்டையை எடுத்துக் குலையை வெட்டுவது, காம்பைக் குறைப்பது, மட்டையை வரிசையில் அடுக்குவது. ஒவ்வொன்றிலும் ‘ஏன்’ என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதல் மரத்தில் நிற்கும் இடமும் உதிரி எண்ணுவதும் போதும், மற்றது அடுத்தடுத்த மரத்தில்.

மூன்றாவது படியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். காட்டிவிட்டு “பாஹாம்?” (புரிந்ததா?) என்று மலாயில் கேட்போம். “பாஹாம், போஸ்” என்று பதில் வரும். அந்த வார்த்தைக்கு எந்த மதிப்பும் இல்லை. புரியாதவரும் அதையேதான் சொல்வார். போஸ் முன்னால் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகவே அந்தக் கேள்வியை அடியோடு விட்டுவிட்டுக் கம்பை அவர் கையில் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் எந்தக் குலை என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். எதைக் காட்டுகிறார் என்பதிலேயே புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஐந்து மரத்தில் ஐந்து தடவை சரியாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். அரை மணி கழித்து ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, வாரக் கடைசியில் ஒரு தடவை வந்து பாருங்கள். உங்கள் கையைக் கட்டிப்போடவும் இதே வழிதான்: இரண்டாவது மரத்துக்குப் பிறகு கம்பைத் தொடுவதில்லை என்று நோட்டில் எழுதிவையுங்கள். நீங்கள் வெட்டும் ஒவ்வொரு குலைக்கும் 14 பேர் மேற்பார்வையில்லாமல் நிற்கிறார்கள். சரியாக வெட்டாதவருக்கோ, ‘விட்டால் மண்டோரே வெட்டிவிடுவார்’ என்று ஆகிவிடுகிறது.

பெரியப்பா விஷயத்தை அலசாமல் விட முடியாது. உங்கள் கடிதத்தில் அதிக நெருடல் அங்கேதான் தெரிகிறது. 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் உங்கள் ஊர்ப்பக்கம்தான். அந்த வட்டாரத்தில் வயதான ஒரு வெட்டுக்காரருக்குப் பழுத்த குலை எது என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆகவே அவரிடம் தரத்தை விளக்கப் போகாதீர்கள், அது அவமானமாகப் படும். அவர் பச்சையில் கை வைத்தால் காரணம் வேறு. கழுத்து வலியாக இருக்கலாம், கண் மங்கலாக இருக்கலாம், தம்பி மகனிடம் கணக்குக் கொடுக்கும் சங்கடமாகவும் இருக்கலாம்.

பெரட்டில் (காலையில் பேர் கூப்பிடும் கூட்டத்தில்) எல்லார் முன்னும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், ஜாடையாகக்கூட வேண்டாம். வீட்டில் சோறு போடும்போதும் வேண்டாம், வேலை விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுபோனால் பெரியம்மாவும் சேர்ந்துகொள்வார்கள். காலையில் அவர் நிரையில் இறங்குவதற்கு முன், கத்தி தீட்டும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். “பெரியப்பா, நேத்து மேடையில உங்க நம்பர்ல மூணு குலை குழியில்லாம இருந்துச்சு. உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல. எதனாலன்னு மட்டும் சொல்லுங்க.” இத்தோடு நிறுத்துங்கள். அடுத்து வரும் மௌனத்தை நீங்கள் நிரப்பக் கூடாது. அவர் பேசட்டும். மரம் உயரம், கழுத்து தாங்கவில்லை என்றால், குட்டை மர நிரைக்கு மாற்றக் கண்டக்டரிடம் கேட்கலாம். புதியவர்களுக்குக் குலை காட்டும் வேலையில் அவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். உங்கள் கேங்கில் அதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் இருக்க மாட்டார்.

ஆனால் எண்ணிக்கையில் மட்டும் சலுகை கூடாது. இருபது மரம் அவருக்கும் இருபது மரம்தான், அவர் பக்கமும் அதே நோட்டில்தான். மற்ற ஏழு வெட்டுக்காரர்களும் உங்களை அளப்பது இந்த ஒரு இடத்தில். வங்காளதேசிக்கு எழுதிய எண்ணைப் பெரியப்பாவுக்கு எழுதாமல் விட்டால், அன்றோடு உங்கள் நோட்டு வெறும் காகிதம்.

இனி மேலே போகும் பேச்சு. ரவுண்ட் நீண்டுவிட்டது, வட்டம் மண்டிவிட்டது என்று அசிஸ்டன் மேனேஜரிடம் வாயால் மட்டும் சொன்னால் அது மண்டோரின் சாக்காகத்தான் கேட்கும். இரண்டு வார எண்களோடு போங்கள். “சார், இந்த பிளாக்குல ரவுண்ட் 18 நாள் ஆகுது. இருபது மரத்துக்கு விட்ட குலை இத்தனை, அரைப்பழுப்பு இத்தனை. 12 நாள் ரவுண்ட் போன பிளாக்குல இதுல பாதிகூட இல்ல. அடுத்த ரவுண்டுக்கு ரெண்டு வெட்டுக்காரர் கூட வேணும்.” உங்கள் நோட்டில் என்ன எண் இருக்கிறதோ அதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரே கோரிக்கை. நாலைச் சேர்த்துக் கேட்டால் சுலபமானதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். கிடைக்கவில்லையென்றால் அதையும் கேங்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: கேட்டேன், இந்த ரவுண்ட் ஆள் இல்லை, அடுத்த ரவுண்ட் திரும்பக் கேட்பேன்.

வாரத்தில் ஒரு நாள் எல்லாரையும் கூட்டி ஐந்து நிமிடம் பேசலாம். என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த வாரம் எதை மாற்றுகிறோம், இந்த நாலுதான். வேலை முடிந்தபின் வைக்காதீர்கள். டன்னுக்குக் கூலி வாங்குபவருக்கு உங்கள் கூட்டம் ஓய்வைத் தின்னும் நேரம். பெரட்டு முடிந்த கையோடு வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். யார் பெயரும் அதில் வர வேண்டாம், கேங்கின் மொத்த எண் மட்டும்.

ஏசவே கூடாதா என்றால், ஓர் இடத்தில் உரக்கக் கத்தத்தான் வேண்டும். கம்பு அலுமினியம். மின்கம்பி ஓடும் எல்லை நிரையில் அது கம்பியைத் தொட்டால், ஏன் எதற்கு என்று கேட்க ஆள் இருக்க மாட்டார். அங்கே யாராவது கம்பைத் தூக்கினாலோ, ஒருவர் வெட்டும் மரத்தடியில் இன்னொருவர் உதிரி பொறுக்கினாலோ, குழியும் எண்ண வேண்டாம் கேள்வியும் வேண்டாம். எட்டிய மட்டும் கத்தி நிறுத்துங்கள். மற்ற நேரத்தில் ஏசாத மண்டோர் கத்தினால்தான் ஆட்கள் உடனே நிற்பார்கள். தினமும் ஏசுபவரின் குரல், அந்த ஒரு நாளும் வழக்கமான சத்தமாகத்தான் காதில் விழும்.

இரண்டு வாரம் கழிந்து, வட்டம் கோட்டைவிட அதிகமாகிவிட்டால் அடுத்ததை எடுங்கள். ‘வேலையைப் பிரித்துக் கொடு’ என்பதை எடுக்கச் சொல்வேன். உதிரி பொறுக்கும் ஆறு பேரின் வேலையை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரிடம் ஒப்படைத்து, அவருக்கும் இதே இருபது மரக் கணக்கைக் கற்றுக்கொடுங்கள். எண் நகரவே இல்லையென்றால் புதிதாக எதையும் தொடங்காமல், மேலே சொன்ன நாலு காரணத்துக்கே திரும்பி வாருங்கள். பெரும்பாலும் ரவுண்டைச் சரிசெய்யாமல் ஆளைச் சரிசெய்யப் பார்த்திருப்போம்.

கற்றே ஆக வேண்டும் என்ற ஆர்வம் இருந்தால், அதற்கு ஹாலுக்குப் போகத் தேவையில்லை. உங்கள் கேங்கிலேயே வாத்தியார்கள் இருக்கிறார்கள். பாசார் மலாய் (பேச்சு வழக்கு மலாய்) புரியாத வங்காளதேசி ஒருவராவது இருப்பார். அவர்களிடம் கேட்டு முதலில் மூன்று சொல் பழகுங்கள்: பழுத்ததற்கு ‘பாக்கா’, காய்க்கு ‘காச்சா’, நிறுத்தச் சொல்ல ‘தாமேன்’. உச்சரிப்பை அவர்களே திருத்தட்டும். மூன்றில் ‘தாமேன்’ முதலில் வர வேண்டும், கம்பிக்குக் கீழே நிற்பவருக்கு உங்கள் குரல் புரிய வேண்டிய சொல் அது.